தொட்டது தெரியாத நூல்

ஜனவரி 9

அன்புத் தங்கைக்கு,

எல்லாம் அறிந்தவன் உன்னையும் உன் தறியையும் தன் நிழலில் வைத்திருப்பானாக. நான் நலம். முழங்கால் வலி மட்டும் அதிகாலை வழிபாட்டுக்கு எனக்கு முன்னே எழுந்துவிடுகிறது. உன் உடம்பு எப்படி? உன் மகள் புகுந்த வீட்டில் மகிழ்ச்சியாக இருக்கிறாளா? சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கத்தைச் சொல்.

ஒரு காரியமாக எழுதுகிறேன். இந்த மகப்பேறு மருத்துவமனையின் துணிக்கிடங்கு என் பொறுப்பில் இருப்பதை நீ அறிவாய். பிறந்த குழந்தைகளுக்குப் போர்த்த ஆலையிலிருந்து வரும் போர்வைகள் இரண்டு சலவைக்குள் விறைத்துப்போகின்றன. சென்ற வாரம் பெரிய நர்ஸ் ஒன்றை எடுத்துவந்து என் மேசைமீது போட்டாள்.

"ஐயா, இது பிள்ளைக்குப் போர்த்தவா, தரை துடைக்கவா? நீங்களே சொல்லுங்க."

"துவைக்கத் துவைக்க மெத்துன்னு ஆயிடும்மா."

"துவைச்சுத் துவைச்சு என் கைதான் மெத்துன்னு ஆச்சு."

அவள் வாய்க்கு முன்னால் என் மறைநூல் படிப்பெல்லாம் செல்லாது. அப்போதுதான் உன் நினைவு வந்தது. நிர்வாகத்தாரிடம் பேசி இசைவும் பெற்றுவிட்டேன். முதலில் ஒரு கட்டுப் போர்வைகள் நெய்து அனுப்பு. சாயம் கூடாது, பால் வெள்ளையும் வேண்டாம், பஞ்சின் நிறமே போதும். பிறந்த குழந்தையின் மேனி இன்னும் தோலாகி முடியாத ஒன்று. அதன்மேல் உலகம் முதன்முதலாக வைக்கும் கை நீ நெய்யும் துணிதான் என்பதை நினைத்து நூலைத் தேர்ந்தெடு.

நலம் வேண்டி நிற்கும்,
அண்ணன்

பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் முழங்காலும் நீங்களும் நலமாக இருக்க இறைஞ்சுகிறேன். இங்கே நானும் தறியும் ஒருவர் சத்தத்தில் ஒருவர் பிழைத்துக் கிடக்கிறோம். மகள் உண்டாகியிருக்கிறாள். வாந்தி அதிகம். நேற்று வந்து தறிக்குழி ஓரத்தில் சாய்ந்து உட்கார்ந்து, "இந்தக் கஞ்சி வாசனைய என்னைக்கோ பிடிக்கும்னு சொன்னேன்ல, அதை வாபஸ் வாங்கிக்கிறேன்" என்றாள். உங்களுக்கு முதலில் எழுதச் சொன்னாள்.

போர்வை நூல் பற்றி. வியாபாரி மூன்று மாதிரிகள் தந்தார். முதலாவது ஆலை நூல், முறுக்கு இறுக்கமாக ஏறியது. பார்க்கப் பளபளவென்று இருக்கும், குழந்தையின் கழுத்தில் கயிறு போல் கிடக்கும். இரண்டாவது கையால் நூற்றது; மென்மை உண்டு, சமம் இல்லை, அங்கங்கே முடிச்சு. மூன்றாவது இருபதாம் நம்பர், முறுக்குத் தளர்ந்தது. இழுத்தால் அறுந்துவிடும் போல் பயமுறுத்தும். இதையே குறுக்கே ஓடும் ஊடைக்கு எடுத்தேன். நீளவாக்கில் ஓடும் பாவுக்கு மட்டும் அதே நூலை இரண்டு இழையாகச் சேர்த்து வாங்கினேன். நெசவின் இழுப்பைத் தாங்குவது பாவு. குழந்தையைத் தொடுவது பெரும்பாலும் ஊடை.

பஞ்சுக்கென்று ஒரு மெழுகு உண்டு, அண்ணா. அது போகும்வரை நூல் தண்ணீரைக் குடிக்காது. குடிக்காத நூல் மெத்தென்று ஆகாது. சலவைச் சோடாவும் சீவிய சோப்பும் போட்டு அண்டாவில் கொதிக்கவைத்தேன். தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வந்தது. கொட்டிவிட்டு வேறு தண்ணீரில் அலசி, மறுபடி இருமுறை கொதிக்கவைத்து, சோடாவின் காரம் முறிய எலுமிச்சை பிழிந்த தண்ணீரில் முக்கி எடுத்தேன். பிறகு ஈர நூல்சிட்டத்தைத் தூணில் மாட்டி, உள்ளே தடி கொடுத்துச் சுண்டிச் சுண்டி உதறினால் இழைகள் ஒன்றையொன்று விட்டு விலகி மூச்சு விடும். நிழலில்தான் உலர்த்தினேன்.

எங்கள் விரல்நுனிகள் நூல் ஓடி ஓடிக் காய்த்தவை. மென்மை பார்க்க அவை உதவா. கன்னத்தில், கண்ணுக்குக் கீழே வைத்துத்தான் பார்ப்போம். வலக் கன்னத்தில் வைத்தேன். முதல் கொதியில் உறுத்தியது, இரண்டாவதில் அடங்கியது. மூன்றாவதில் குழந்தையின் மூச்சு பட்டதுபோல் இருந்தது. அதன்பிறகே பாவு ஓட்டினேன்.

உங்கள் வழிபாட்டில் மகளையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

தங்கை

மார்ச் 11

அன்புத் தங்கைக்கு,

கருவாய் உருவாகும் அந்தச் சிற்றுயிருக்கு இறைவன் துணை. செய்தி படித்ததும் விளக்கேற்றி அமர்ந்துவிட்டேன். மகளை மாடிப்படி ஏறவிடாதே. நீ உன் உடம்பையும் பார்த்துக்கொள்.

கட்டு வந்து சேர்ந்தது. பிரித்தபோது கிடங்கில் இருந்த சலவைப்பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து முகத்தில் வைத்துப் பார்த்தார்கள். கடைசியில் நானும் கதவைச் சாத்திவிட்டு வைத்துப் பார்த்தேன். இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று கேட்காதே. பெரிய நர்ஸ் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஐயா, அழுற பிள்ளைக்கு இதைப் போர்த்தினா, எதுக்கு அழுதோம்னு மறந்துபோய் முழிக்குது. உங்க தங்கச்சி கைக்கு ஒரு கும்பிடு."

படைத்தவன் செயலை அளவிட முடியாது என்பார்கள் ஞானியர். அவன் படைத்த பஞ்சை ஒரு பெண் இவ்வளவு பணியவைக்கிறாள் என்றால் அதுவும் அவன் செயலே. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கும் வேண்டும் என்கிறார்கள். அடுத்த கட்டை விரைந்து தொடங்கு.

பெருமிதத்துடன்,
அண்ணன்

ஏப்ரல் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

வெயிலில் வெளியே நடமாடாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நான் நலம். வலப்பக்கக் கடைவாய்ப் பல் மட்டும் வீங்கி, பாதி முகம் தனிக்குடித்தனம் போயிருக்கிறது. மகளுக்கு வாந்தி நின்றது. இப்போது பசி, வந்தால் என் பங்கையும் சேர்த்து உண்டுவிட்டு, "நான் இல்ல, உள்ள இருக்கிறது கேட்குது" என்கிறாள்.

அந்தத் தளர்முறுக்கு நூல் தீர்ந்துவிட்டது என்று வியாபாரி வேறொன்று தந்தார். கையில் சற்று முரடாகத்தான் பட்டது. ஆனால் ஒரு கொதி முடிந்ததும் கன்னத்தில் வைத்தால் வியப்பாக இருந்தது. வலப்பக்கம் வீக்கமாதலால் இடக் கன்னத்தில் வைத்தேன். அண்ணா, நூல் பட்டதே தெரியவில்லை. இன்னும் அழுத்தி வைத்தேன். அப்போதும் தெரியவில்லை. இத்தனை ஆண்டுகளில் இப்படியொரு நூலை நான் கண்டதில்லை. தொட்டது தெரியாத நூலைக் காட்டிலும் ஒரு குழந்தைக்கு வேறென்ன வேண்டும்? இரண்டாம் கொதியே தேவையில்லை என்று பாவு ஓட்டிவிட்டேன்.

மகள் வந்து தடவிப்பார்த்து, "உறுத்துதேம்மா" என்றாள். "உனக்கு இப்ப எல்லாமேதான் உறுத்தும், உன் மாமியார் உட்பட" என்றேன். சிரித்தாள்.

ஒரு சிறு காயம். சிட்டத்தை அண்டாவிலிருந்து தடியால் தூக்கும்போது தடி நழுவ, இடக்கையை உள்ளே விட்டு எடுத்துவிட்டேன். மகள்தான் அலறினாள்: "அம்மா, கை வேகுது! வெளிய எடு!" பிறகு பார்த்தால் மணிக்கட்டுவரை கொப்புளம். ஆனால் இறைவன் கருணையைப் பாருங்கள், வலியே இல்லை. துணி சுற்றிக்கொண்டு அன்றே தறியில் அமர்ந்துவிட்டேன். இத்துடன் இரண்டாம் கட்டு வருகிறது.

தங்கை

மே 16

அன்புத் தங்கைக்கு,

உன் பல்வலி தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே அனைவரும் நலம்.

எழுதத் தயக்கமாகத்தான் இருக்கிறது. இரண்டாம் கட்டு முதலாவதைப் போல் இல்லை. பெரிய நர்ஸ் ஒன்றைக் கையில் எடுத்ததும் என்னைப் பார்த்தாள். "ஐயா, தங்கச்சிக்கும் உங்களுக்கும் ஏதும் சண்டையா? சாக்கு அனுப்பியிருக்காங்க." நானும் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். உறுத்தியது. நீ பட்டதே தெரியவில்லை என்று எழுதிய நூலும் இதுவும் ஒன்றுதானா, அல்லது வியாபாரி இடையில் மாற்றிவிட்டாரா? ஒரு போர்வையின் மூலையில் பழுப்புக் கறையும் இருந்தது. குருதி உலர்ந்ததுபோல் தெரிந்ததால் நானே கசக்கி அலசிவிட்டேன், யாரிடமும் சொல்லவில்லை. சலவைப்பெண்கள் இவற்றை மறுபடி வேகவைத்துப் பதப்படுத்தப் பார்க்கிறார்கள்.

வெந்த கையோடு வலியின்றித் தறியில் அமர்ந்தாய் என்று படித்தபோது நெஞ்சு நிறைந்தது. உடம்பை ஓர் ஆடையாகக் கருதியவர்கள், நெருப்பில் நின்றும் சுடாதவர்கள் என்று அருளாளர் வரலாறுகளில் எத்தனையோ படித்திருக்கிறோம். பிறருக்காகச் செய்யும் பணியில் வலி தோன்றாது என்பதற்கு என் தங்கையே சான்றானாள் என்று வழிபாட்டுக்கு வந்தவர்களிடம் சொன்னேன். ஆயினும் கையைப் பேணிக்கொள். மருந்து இடு. மகளின் நலத்தை எழுது.

அன்புடன்,
அண்ணன்

ஜூலை 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கள் நலமறிய ஆவல். பதில் தாமதமாயிற்று, பொறுத்துக்கொள்ளுங்கள். எழுத்து கோணலாக இருப்பதைப் பார்ப்பீர்கள். பேனா அடிக்கடி விரலைவிட்டு நழுவுகிறது.

வியாபாரி நூலை மாற்றவில்லை. உங்கள் கடிதம் வந்த அன்று மிச்சம் இருந்த சிட்டத்தை எடுத்து மறுபடி வைத்துப் பார்த்தேன். பல் குணமாகியிருந்ததால் இம்முறை வலக் கன்னத்தில். முள்ளாகக் குத்தியது. இடக் கன்னத்தில் வைத்தேன், ஒன்றுமில்லை. பிறகு நூலை வைத்துவிட்டு, சீப்பின் பல்லை வைத்தேன். அதன்பின் எதை வைத்தேன் என்பதை எழுத வேண்டியதில்லை.

நூலைத் திரும்ப இருமுறை கொதிக்கவைத்து, மகளின் கன்னத்தில் வைத்துக் கேட்டுத்தான் இந்தச் சிறு கட்டை நெய்தேன். "இப்ப பரவாயில்ல, இப்பவும் பரவாயில்ல, ம், இப்ப தூக்கம் வருது" என்றாள். அந்தத் தூக்கம் வந்த நூல்தான் உங்களிடம் வருகிறது. குழந்தைகள் இனிமேல் உறுத்தலால் அழமாட்டார்கள்.

இடக்கையின் சுண்டுவிரல் வளைந்து நிற்கிறது. ஊடை நூலைச் சுமந்து ஓடும் நாடாவைப் பிடிக்க அது தேவையில்லை என்பதால் பெரிய இழப்பில்லை. செருப்பு காலைவிட்டுக் கழன்றதை அறியாமல் கடைத்தெருவரை நடந்துபோனேன் என்று எதிர்வீட்டுத் தையல்காரம்மா எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறாள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

டாக்டரிடம் போ என்று எழுதுவீர்கள். மகளுக்கு ஏழாம் மாதம். அவள் பிரசவம் முடியட்டும். அவள் வாழும் வீட்டில் யாரும் எதுவும் பேசும்படி ஆகக்கூடாது. இதை மட்டும் உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கை

ஜூலை 12

அன்புத் தங்கைக்கு,

ஆண்டவன் உனக்குத் துணிவு தருவானாக. கேட்டுக்கொண்டதை நான் மீறிவிட்டேன். கோபித்துக்கொள்வதானால் படித்து முடித்தபின் கோபித்துக்கொள்.

இங்குள்ள டாக்டரிடம் உன் கன்னத்தையும் கையையும் விரலையும் சொன்னேன்.

"யாருக்கு, ஐயா?"

"தெரிஞ்சவங்க ஒருத்தருக்கு."

"உடம்புல வெளிறின தேமல் இருக்கா? அங்க தொட்டா உணர்ச்சி இருக்கா?"

"தெரியலை."

"கேளுங்க. தொழுநோயாத்தான் இருக்கணும். பயப்படாதீங்க, மாத்திரை இருக்கு. ஆரம்பிச்சாச்சுன்னா அவங்ககிட்ட இருந்து யாருக்கும் ஒட்டாது. ஆனா ஒவ்வொரு மாசமும் தள்ளிப்போடப் போட ஒவ்வொரு விரலா போகும். செத்த நரம்பு திரும்பாது."

அந்தச் சொல்லைக் கேட்டபின் நெடுநேரம் கிடங்கில் அமர்ந்திருந்தேன். அதைப் பற்றி நம் நூல்களில் படித்த வரிகளெல்லாம் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. எதுவும் ஆறுதலாக இல்லை. வினைப்பயன் என்று ஒரு நூல் சொல்கிறது, சோதனை என்று ஒரு நூல் சொல்கிறது. டாக்டர் கிருமி என்கிறார். நான் டாக்டரையே நம்ப முடிவு செய்திருக்கிறேன். நாளையே போ. பிரசவத்துக்குக் காத்திருக்காதே. மகளையும் துணைக்கு அழைத்துச் செல். அவளையும் பரிசோதிக்கச் சொல்.

வேகவைத்த துணியால் இது பரவாது என்றும் டாக்டரிடம் கேட்டறிந்தேன். ஆகவே போர்வைகளைப் பற்றி நீ மனத்தைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அவை இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன. உடம்பு தேறும்வரை புதிதாக எதுவும் நெய்து அனுப்பாதே.

அன்றாடம் உன்னை நினைத்து வழிபடும்,
அண்ணன்

செப்டம்பர் 22

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கட்டளையை மீறும் துணிவு எனக்கு எப்போதும் இருந்ததில்லை. போனேன். அந்த டாக்டர் பெண். ஊசியின் தலையாலும் நுனியாலும் மாறி மாறித் தொட்டு, "இது என்ன, இது என்ன" என்று கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு, தேர்வில் பதில் தெரியாத பிள்ளைபோல் ஊகித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். முதுகில் இருக்கும் தேமலைக் காட்டி, "எவ்வளவு நாளா இருக்கு?" என்றார். "இப்பதான்" என்றேன். மகள் என் முகத்தைப் பார்த்தாள். அவள் கல்யாணத்தன்று எனக்கு ரவிக்கையின் முதுகுப்பக்கக் கொக்கி போட்டுவிட்டவள் அவள்தான்.

மகளுக்கு ஒன்றுமில்லை. எனக்கு மாத்திரை தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது. என்னால் இனி யாருக்கும் கேடில்லை என்று டாக்டர் எழுத்திலும் தந்தார். இழந்த உணர்ச்சி வராது. தறியில் விழுந்த இழையை விரல் எடுக்க மறுக்கிறது. அறுந்ததைக் கண் பார்த்துச் சொல்வதற்குள் நெசவு கடந்துபோய்விடுகிறது. ஆகவே தறியின் மேல் துணி போட்டு மூடிவிட்டேன். இதை எழுதும்போது அழவில்லை. நீங்களும் அழ வேண்டாம்.

குழந்தை பிறந்தது. பெண். சிறிது முன்னதாகவே வந்துவிட்டாலும் நல்ல தேகம். மகளைப் பரிசோதித்ததில் என் நோய் அவள் புகுந்த வீட்டுக்கும் தெரிந்துவிட்டது; வாசற்படியில் நின்றுதான் பார்த்தேன். சம்பந்தியம்மா கெட்டவள் இல்லை, பயந்தவள். டாக்டர் தந்த தாளை அவள் முன் வைத்தேன். "டாக்டருங்க ஆயிரம் எழுதுவாங்க. அவங்க பேத்தியையா தூக்கப்போறீங்க? நீங்க தப்பா எடுத்துக்காதீங்க, சம்பந்தி. வாங்க, பாருங்க, போங்க. தூக்க மட்டும் வேணாம்." மகள் உள்ளேயிருந்து, "அம்மா நெய்த போர்வையில பெரிய ஆஸ்பத்திரியில நூறு பிள்ளைங்க தூங்குது. அதுங்களுக்கு ஒண்ணும் வரலையே" என்றாள். சம்பந்தியம்மா, "அங்க அப்படிப் போர்த்துறாங்கன்னு உங்க அண்ணன் எழுதட்டும். அவர் பொய் சொல்ற மனுஷன் இல்ல. அப்புறம் நான் தடுக்கமாட்டேன்" என்றாள்.

ஆகவே இரண்டு வேண்டுகோள். அங்கே குழந்தைகளுக்கு அவற்றைப் போர்த்துகிறார்கள் என்று அவள் படிக்கும்படி ஒரு கடிதம். முதல் கட்டிலிருந்து ஒரே ஒரு போர்வை, பழையதாயினும் சரி. மென்மை என்னவென்று நான் அறிந்து தேர்ந்த கடைசி நூல் அது. இனி நான் நெய்யப்போவதில்லை. பேத்திக்கு என் கையால் ஒன்று வேண்டும்.

தங்கை

அக்டோபர் 1

அக்காவுக்கு வணக்கம்.

நீங்க நல்லா இருக்கணும், உங்க வீட்ல எல்லாரும் நல்லா இருக்கணும். நான் யாருன்னு யோசிப்பீங்க. உங்க அண்ணன் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில பெரிய நர்ஸ். கட்டு வந்த உறையில உங்க விலாசம் இருந்துச்சு, கிழிச்சு வெச்சிருந்தேன். கிறுக்கெழுத்துக்கு மன்னிக்கணும், ஊசி போடுற கை இது.

என் தங்கச்சி மகளுக்குப் பிள்ளை பிறக்கப்போகுது. உங்க போர்வை ஒண்ணு வேணும். முதல்ல அனுப்பினீங்களே, அந்த மாதிரி. ரெண்டாவது அனுப்பினது மாதிரி வேணாம், கோச்சுக்காதீங்க. மூணாவது கட்டும் அருமையா இருந்துச்சு, ஆனா அதைப் பிரிச்சுத் தொட்டுப் பார்த்ததோட சரி.

ஐயாகிட்ட கேட்டா வாயே திறக்க மாட்டேங்கிறார். அதான் நேரா எழுதுறேன். ஜூலை மாசம் ஒருநாள் டாக்டரைப் பார்த்துட்டு வந்தார். வந்தவர் வார்டு வார்டா ஏறி, பிள்ளைங்க மேல கிடந்ததைக்கூட எடுக்கச் சொல்லி, மூணு கட்டையும் கொதிகலன் அடுப்புல போட்டு எரிச்சுட்டார். பூச்சி அரிச்சிடுச்சாம். எத்தனை வருஷமா துணி பார்க்கிறேன், எனக்குத் தெரியாத பூச்சியா? டாக்டரே வந்து, "எதுக்கய்யா எரிச்சீங்க, நல்ல துணியாச்சே"ன்னு கேட்டார். ஐயா தலை குனிஞ்சுட்டுப் போயிட்டார். இப்ப மறுபடி அந்த ஆலைச் சாக்குதான். பிள்ளைங்க அழுறது உங்க ஊர் வரைக்கும் கேட்கணுமே.

ஐயாவுக்கு வயசாயிடுச்சு, பாவம். முன்ன மாதிரி பாட்டுச் சொல்றதில்ல. நீங்க ஒரு வார்த்தை விசாரிங்க. பதில் போடுங்க அக்கா.

அக்டோபர் 18

அன்புத் தங்கைக்கும், அவள் வாயிலாக மதிப்புக்குரிய சம்பந்தியம்மாளுக்கும்,

புதிதாக உலகுக்கு வந்திருக்கும் செல்விக்கு நீண்ட ஆயுளும் நிறைந்த கல்வியும் இறைவன் அருள்வானாக. வீட்டில் பெரியவர், சிறியவர் அனைவரும் நலமென நம்புகிறேன். நான் நலம்.

சம்பந்தியம்மாளின் ஐயம் இயல்பானது. பச்சிளங்குழந்தையின் பொருட்டு எழும் அச்சத்தில் குற்றமில்லை. ஆதலால் என் வழிபாட்டின்மேல் ஆணையாக எழுதுகிறேன். என் தங்கை நெய்தளித்த போர்வைகளை இம்மருத்துவமனையில் நாள்தோறும் பிறந்த குழந்தைகளுக்குப் போர்த்திவருகிறோம். டாக்டர்கள் அறிந்தே போர்த்துகிறார்கள். இன்றுவரை ஒரு குழந்தைக்கும் எந்தக் கேடும் வந்ததில்லை. அவள் கையால் ஆகிய ஒன்றை அஞ்ச வேண்டியதில்லை. அவள் கையையும் அஞ்ச வேண்டியதில்லை.

கேட்டபடி முதல் கட்டிலிருந்து ஒரு போர்வையை இத்துடன் அனுப்புகிறேன். பல குழந்தைகள் துயின்று எழுந்த போர்வை. சலவையால் சற்று வேறுபட்டுத் தோன்றலாம். உன் மாத்திரைகளைத் தவறவிடாதே.

என்றும் உன்,
அண்ணன்

நவம்பர் 6

அண்ணா,

உங்கள் கடிதத்தைச் சம்பந்தியம்மாளின் முன்னிலையில் நானே படித்தேன். ஒரு வரியையும் விடவில்லை. ஆணை என்ற இடத்தில் அவள் கைகூப்பினாள். பிறகு மகளைப் பார்த்து, "குடு" என்றாள்.

போர்வையைப் பிரித்ததும் கண்டுகொண்டேன். விரலுக்கு ஒன்றும் தெரியாது என்று நீங்கள் கணக்கிட்டது சரிதான், விரலுக்குத் தெரியவில்லை. ஆனால் இரண்டு ஓரங்களும் கோடு கிழித்ததுபோல் ஒன்றாக இருக்கின்றன. நான் நெய்தால் இடப்பக்க ஓரம் எப்போதும் சற்று இறுகிக் கிடக்கும். இது ஆலையில் ஓடியது. புதியது, ஒரு சலவையும் காணாதது. மகளும் கண்டுகொண்டாள். என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். அவள் அதில் குழந்தையைச் சுற்றி என் மடியில் வைத்தாள். உறுத்தியிருக்க வேண்டும், குழந்தை முகத்தைச் சுளித்தது, பிறகு தூங்கிவிட்டது. எனக்குக் கனம் தெரிந்தது. சூடு தெரியவில்லை.

இனி வாரம் ஒருமுறை போகலாம், தூக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். உங்கள் பொய்யால் கிடைத்தது அது. நான் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. இனி ஒவ்வொரு முறை அவளைத் தூக்கும்போதும் அந்தப் பொய்யையும் சேர்த்துத்தான் தூக்க வேண்டும். தூக்குவேன்.

உங்கள் பெரிய நர்ஸ் எனக்கு முன்பே எழுதியிருந்தாள். நல்ல பெண். அவளைக் கடிந்துகொள்ளாதீர்கள். என்ன எழுதுகிறோம் என்று அறியாமலேதான் அவள் எல்லாவற்றையும் எழுதினாள். அவளுக்கு நான் பதில் எழுதவில்லை. நெய்வதில்லை என்று நீங்களே சொல்லிவிடுங்கள், காரணம் உங்கள் விருப்பம்.

ஏன் என்று கேட்கமாட்டேன். டாக்டரை நம்புவதாக எழுதிய அதே நாளில் நீங்கள் எதை நம்பினீர்கள் என்று எனக்குத் தெரியும். நானும் அதே நூல்களைப் படித்து வளர்ந்தவள்தான். ஒன்றை மட்டும் எழுதுங்கள். நர்ஸின் கடிதத்தில் அது இல்லை. போர்வைகளை அடுப்பில் போட்டபோது, உங்கள் கையால் எடுத்துப் போட்டீர்களா, கம்பால் தள்ளினீர்களா?